வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூ

வாசல் தெளிக்க எடுத்த வாளியோடு தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பாதி என் பாவாடையில், பாதி பிரிக்ஃபீல்ட்ஸ் செம்மண்ணில். ஓடாமல் எப்படி இருப்பது? ரயில்வே குவார்ட்டர்ஸ் நெடுக நின்ற தூங்குமூஞ்சி மரங்கள் எல்லாம் எங்களைக் கேட்காமலே வெள்ளையடித்துக்கொண்டு நின்றன. முந்தின மாலைவரை பாசியும் பச்சையுமாகக் கிடந்த கிளைகளில், அவற்றைப் பற்றி வளர்ந்திருந்த ஒட்டுச்செடிகளில், கவைக்குக் கவை, கணுவுக்குக் கணு, பூ. சின்னப் புறாக்கள் வந்து உட்காரப்போகிற சமயத்தில் யாரோ அதட்டி நிறுத்தியதுபோல இறக்கையை விரித்தபடி நின்றுவிட்ட பூ. மலாய்க்காரர்கள் அதைப் புறாப்பூ என்றே சொல்வார்கள். வாசனையோ, ஷெட்டில் நின்ற இஞ்சினின் கரிப்புகையையும் செங்கல் சூளைப் புகையையும் அடித்து ஓரமாகத் தள்ளிவிட்டது. எனக்கு ஒன்பது வயது. உலகத்திலேயே முதலில் இதைப் பார்த்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது மரம்வரை ஓடினேன், அதுவும் வெள்ளை. ஏழாவதும் வெள்ளை. வாளியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். மாமா பின்கட்டில் பல்லில் கரித்தூளோடு நின்றிருந்தார். "மாமா, பூத்துட்டுது" என்றேன். அவர் வாயைக் கொப்பளிக்கவில்லை. கரி வழிய என்னையே பார்த்தார். அப்புறம் கூரைச் சட்டத்தில் தேங்காய் மட்டையோடு கட்டித் தொங்கவிட்டிருந்த செடியை நிமிர்ந்து பார்த்தார். அங்கேயும் பதினொரு புறா.

"இன்னிக்கா?" என்றார். "இன்னிக்கு வரக்கூடாதே."

மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் ஒரே தம்பி. ஏழு வயதில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கப்பலை விட்டு இறங்கியவர். அன்று அம்மாவின் கழுத்தில் தாலி ஏறி மூன்று மாதம்தான் ஆகியிருந்ததாம். சீதனத்தில் தம்பியும் ஒன்று என்று அப்பா கேலி செய்வார். வளர்ந்து ரயில்வே வரைபட ஆபீசில் சேர்ந்தார். பாலம், மதகு, தண்ணீர் போகிற கல்வெர்ட், இவற்றை மெழுகுத்துணியில் பிரதி எடுப்பது வேலை. ஒருநாள் ஏதோ ஒரு கல்வெர்ட்டை வரைந்தவர், அதன் கல்லிடுக்கில் முளைத்திருந்த பெரணியையும் இலை இலையாக வரைந்துவிட்டார். திட்டு வாங்கவேண்டிய காரியம். திட்டுவதற்காக எடுத்துப்போன படத்தை மேலதிகாரி கிளப்பில் காட்ட, அது செடிதுரையின் கண்ணில் பட்டது.

செடிதுரை என்று எங்கள் வீட்டில் பெயர். அரசாங்கத்துக்காகக் காடு காடாய் அலைந்து செடி சேகரிக்கிற வெள்ளைக்காரர். அந்தச் செடிகளுக்கெல்லாம் படம் போட்டு ஒரு புத்தகம் கொண்டுவர அவருக்கு ஆசை. அதிலிருந்து மாமாவின் ஞாயிற்றுக்கிழமைகள் செடிக்குப் போயின. எனக்கோ அந்த ஞாயிறுகள்தான் திருவிழா. பூவைத் தண்ணீர்ப் புட்டியில் நிறுத்தி, இருகால் அளவுக்கருவியால் இதழ் இதழாக அளந்து, தாளில் அதே அளவுக்குக் குறிப்பார். மயிர்க்கோடு பிசகினாலும் ரப்பர். இலையில் புழு தின்ற ஓட்டை இருந்தால் தாளிலும் ஓட்டை இருக்கவேண்டும். துரைக்கு அழகு வேண்டாம், உள்ளது வேண்டும் என்பார். படத்தின் அடியில் பூவை நெடுக்காக அறுத்து, உள்ளே இருக்கிற உதடும் தண்டும் மகரந்தக் கட்டியும் நாலு மடங்கு பெரிதாக. பார்க்க எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், கண்ணை எடுக்கவும் முடியாது.

இருபத்து மூன்று படம் முடிந்தது. ஒன்று பாக்கி. இந்தப் புறாப்பூ. எங்கே பார்த்தாலும் இருக்கிற பூதான். ஆனால் காலையில் விரிந்தால் மாலையில் செத்தது. அடுத்த நாள் ஈரக் காகிதம்போல ஒட்டிக்கிடக்கும். ஒரு முறை மாமா ஒரு கல்யாணத்துக்குக் கிள்ளானுக்குப் போயிருந்தபோது பூத்து முடிந்துவிட்டது. இன்னொரு முறை ஆபீசில் கல்வெர்ட் வரைந்துகொண்டிருந்தபோது. துரை கடைசியாகச் சொன்னாராம்: சிவப்புப் பூவை எவனும் வரைவான், வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூவை வரைகிறவன்தான் எனக்கு வேண்டும், இதை முடித்துக்கொடு, சிங்கப்பூர்த் தோட்டத்தில் உனக்கு வேலை, ஆயுசுக்கும் செடி. முடியாவிட்டால், கல்வெர்ட்தான். துரை சிங்கப்பூருக்கு மாற்றலாகிக் கிளம்புவது திங்கட்கிழமை, காலை எட்டரை ரயிலில் துறைமுகத்துக்கு.

நான் அதற்குள் மாமாவைக் கப்பலேற்றி அனுப்பி, அங்கிருந்து எனக்கு ரிப்பன் வரவழைத்து, தலையில் கட்டி, பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்துவிட்டேன். அம்மா மட்டும் ஒருநாள் சோறு போடும்போது அப்பாவைக் கேட்டாள், சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று. அப்பா ரயில்வேக்காரர் அல்லவா, எத்தனை ஸ்டேஷன் என்று வரிசையாகச் சொன்னார். அம்மா நடுவிலேயே எழுந்துபோய்விட்டாள். அவளுக்கும் சுற்றிப்பார்க்க ஆசை, அப்பா இழுத்து இழுத்துச் சொன்னதில் கோபம், என்று நான் முடிவு செய்தேன்.

அந்தப் பூவுக்கு ஒரு ரகசியம் உண்டு. மொட்டு வைத்துவிட்டுச் சும்மா காத்திருக்கும். பெருமழை ஒன்று கொட்டிப் பூமி திடீரென்று குளிர்ந்தால், அன்றிலிருந்து ஒன்பதாம் நாள் ஊரிலுள்ள அத்தனை செடியும் ஒன்றாகப் பூக்கும். துரை சொல்லி மாமாவுக்குத் தெரியும். மாமா சொல்லி எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும், பால்காரர் உட்பட. நவராத்திரி தொடங்கிய சனிக்கிழமை விடிவதற்குள் அப்படியொரு மழை கொட்டியது. கிள்ளான் ஆறு கரையை நக்கியது. மாமா நோட்டில் 'சனி' என்று எழுதி, ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு என்று எண்ணி, ஒன்பதாவதாக மறு திங்கட்கிழமையில் வட்டம் போட்டார். விஜயதசமி. பூ விரிவதும் விடிகாலை, துரை வண்டியேறுவது எட்டரைக்கு. இரண்டு மணி நேரத்தில் முடிப்பேன், நல்ல நாள் வேறு, கை ஓடும் என்று துள்ளினார்.

பூ ஞாயிற்றுக்கிழமையே வந்து நிற்கிறது. சரஸ்வதி பூசையன்று. ஆயுத பூசையன்று.

மாமா விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். சமையற்கட்டிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"விடியறதுக்கு முன்ன பெஞ்ச மழை முந்தின நாள் கணக்குடா. அது வெள்ளிக்கிழமை மழை. நீ ஆபீஸ் கடியாரத்தப் பாத்து எண்ணியிருக்கே."

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. செடிக்கும் பஞ்சாங்கம் தெரியுது, வரைபட ஆபீசுக்குத் தெரியலையே மாப்ளே என்றார்.

மாமா சிரிக்கவில்லை. கூடத்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பலகையில் என் பாடப்புத்தகங்கள், சிலேட்டு, அப்பாவின் சிவப்புக்கொடி பச்சைக்கொடி, அம்மாவின் அரிவாள்மனை, எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம், எல்லாவற்றுக்கும் மேல் பட்டுத்துணி. அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், மாமாவின் வண்ணப்பெட்டியும் தூரிகைக் கட்டும் பென்சிலும் அளவுக்கருவியும். பூசையில் வைத்தது வைத்ததுதான். மறுநாள் காலை மறுபூசை முடிந்துதான் எடுக்கவேண்டும். வழக்கமாகப் பூசையன்று காலை குளித்துவிட்டுத்தான் அடுக்குவோம். அந்த வருஷம் அம்மா சனிக்கிழமை சாயங்காலமே அடுக்கி முடித்துவிட்டாள். எனக்கு ஒரு நாள் வீட்டுப்பாடம் மிச்சம் என்று அதில் ஏக மகிழ்ச்சி.

"அக்கா, ஒரே ஒரு ப்ரஷ்."

"நாளைக்கு எடு."

"நாளைக்குப் பூ இருக்காதுக்கா."

"அதுக்கு நான் என்ன பண்றது? நானா பூக்கச் சொன்னேன்?"

"மாப்ளே, என் பச்சைக்கொடியும் உள்ளதான் கெடக்கு" என்றார் அப்பா. "இன்னிக்கி ஒரு வண்டிக்கும் வழி கெடையாது."

மாமா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, வக்கீல்போல, வாசலில் நீ கோலம் போட்டாயே, அது வரைவது ஆகாதா என்று கேட்டார். அது மாவு என்றாள் அம்மா. அப்படியானால் நானும் மாவாலேயே வரைகிறேன், அடுப்புக்கரியால் வரைகிறேன், சரஸ்வதியிடம் இருப்பதில் ஒன்றையும் தொடமாட்டேன் என்றார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதையே உத்தரவு என்று எடுத்துக்கொண்டு நாங்கள் வீட்டைத் தலைகீழாக்கினோம்.

அப்படியொரு காலை அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததே இல்லை. நல்ல தாள் தப்பித்திருந்தது. அதை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டியிருந்தார், பூசைப் பலகையைவிடப் பெரிது, சுவரில் சாய்ந்து கிடந்தது. பென்சிலுக்குப் பதில் கரித்துண்டு. அளவுக்கருவிக்குப் பதில் ஈர்க்கு, நகத்தால் கீறிக் கீறி அளவு. பூவின் தொண்டை மஞ்சளுக்கு மஞ்சளே இருக்கிறது. நிழலுக்கு விளக்குக் கரியும், துணிக்குப் போடுகிற நீலமும் ஒரு சிட்டிகை. இலைக்கு? இலை வாடாது, இலையை நாளை காலை பெட்டி வந்ததும் போட்டுக்கொள்ளலாம், இன்றைக்குப் பூ, பூ மட்டும் என்றார் மாமா. அவர் சொல்லச் சொல்ல நான் ஓடினேன். ஒரு பூ கசங்கினால் அடுத்ததற்கு மரமேறினேன். பண்டிகை நாளில் பொட்டப்பிள்ளை மரத்தில் என்று அடுத்த வீட்டுக்காரி வந்து சொல்லிவிட்டுப் போனாள். எனக்கென்ன, ஊர் முழுக்கப் பூத்திருக்கிறது, நான் போய்ப் பறிக்கவேண்டும். ஒரு கையில் புறா, ஒரு கையில் கிளை, முழங்காலில் ரத்தம். தேனீக்கள் என் தலையைச் சுற்றி ரயில் விட்டன.

கோடு அற்புதமாக வந்தது. தாளில் ஒரு தண்டு, அதில் நாலு பூ, ஒன்று முகம் காட்டி, ஒன்று முதுகு காட்டி, இரண்டு பறக்க ஆயத்தமாகி. பிறகுதான் வந்தது வினை. தூரிகை.

அம்மா தலைவாரிக் கழித்த முடியை உருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்பாள். அதை எடுத்து, கத்தரித்து, ஈர்க்கு நுனியில் நூல் சுற்றிக் கட்டினார். தண்ணீரில் தோய்த்ததும் அது விளக்குமாறுபோல விரிந்தது. ஈர்க்கு நுனியை மென்று பார்த்தார். துணித்திரி செய்து பார்த்தார். கோழி இறகு. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சோதித்தார். எல்லாம் ஒழுகின, எல்லாம் திட்டுப்போட்டன. வெள்ளைப் பூவை வரைவது என்றால் பூவை விட்டுவிட்டு அதன் நிழலை வரைவது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெள்ளை தாளிலேயே இருக்கிறது. இதழின் மடிப்பில், உதட்டின் அடியில், மூச்சுக்காற்று பட்டதுபோல ஒரு சாம்பல் நீலம் படவேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்கு நுனி கூடிய தூரிகை வேண்டும். அது பட்டுத்துணிக்கு அடியில் இருந்தது.

நண்பகல் தாண்டியது. தேனீக்கள் ஒவ்வொன்றாகப் போயின. புட்டியில் நின்ற பூவின் ஓரம் கண்ணாடிபோல ஆகத் தொடங்கியது. மாமா நல்ல தாளின் முன் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அவர் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

"வேணாம்க்கா" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "கல்வெர்ட்டும் நல்லாத்தான் இருக்கு. நான் இங்கேயே இருந்துடறேன்."

அதைக் கேட்டு அம்மா சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். எங்களோடு இருக்கிறேன் என்கிறாரே. அவள் கையிலிருந்த கரண்டியை வைத்தாள். பின்கட்டுக்குப் போனாள். தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது, ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, எண்ணிக்கை தப்பிப்போகும்வரை. ஈரப்புடைவையோடு நேரே பூசைமூலைக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினாள். கண்ணை மூடி நின்றாள். பிறகு பட்டுத்துணியைத் தூக்கி, என் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அடியிலிருந்து பெட்டியையும் தூரிகைக் கட்டையும் கொண்டுவந்து மாமாவின் முன் வைத்தாள். தரையெல்லாம் தண்ணீர் சொட்டியது.

"கேட்டேன். எடுத்துக்கச் சொல்லிடுச்சி."

"யாரு?" என்றார் அப்பா.

"உள்ள யாரு இருக்கா?"

எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. சரஸ்வதி கோபித்துக்கொண்டு எனக்குக் கணக்குப் பாடத்தில் சுழி போடவைப்பாளோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மாமா அம்மாவின் ஈரக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நேரமாவுது, பூவப் பாரு" என்றாள் அவள், காலை இழுத்துக்கொண்டு.

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல? நான் கடைசிப் புதுப்பூவோடு மரத்திலிருந்து குதித்தேன். அப்பா ஈ விரட்டினார், வண்டிக்குக் கொடி காட்டுகிற அதே மிடுக்கோடு. மாமாவின் தூரிகை தாளைத் தொட்டதா தொடவில்லையா என்றே தெரியவில்லை. ஒரு துளி நிழல் இதழின் அடியில் விழ, இதழ் தாளைவிட்டுத் தூக்கிக்கொண்டு எழுந்தது. நான் நிஜமாகவே கையை நீட்டித் தடவப் போனேன், முதுகில் ஒரு அடி விழுந்தது. ஒன்று எழுந்தது, இரண்டு எழுந்தது. வெயில் சரியச் சரிய புட்டியில் பூ சாக, தாளில் பூ பிழைத்தது. மூச்சைப் பிடித்து மூச்சைப் பிடித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

நாலாவது பூ முடிகிற சமயத்தில் ஒரு விபரீதம். தூரிகைக் காம்பில் அம்மா வைத்திருந்த குங்குமம் மாமாவின் விரலில் ஒட்டி, விரலிலிருந்து தாளில், தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டாக விழுந்தது. குங்குமம் அழித்தால் போகாது, பரவும். எல்லோரும் அந்தப் பொட்டையே பார்த்தோம். மாமா இரண்டு நொடி யோசித்தார். பிறகு மிக நுண்ணிய நுனியால் அதற்கு ஆறு கால், இரண்டு மீசை, நடுவில் ஒரு இடுப்பு. தண்டில் ஏறுகிற செவ்வெறும்பு. அப்பா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அம்மாவும் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அதனாலேயே நெடுநேரம் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

மறுநாள் காலை மறுபூசை முடிந்த கையோடு மாமா இலையையும் அடிக்கிழங்கையும் போட்டு முடித்தார். எட்டு மணிக்கு ஸ்டேஷனில் செடிதுரை பூதக்கண்ணாடியோடு படத்தின் மேல் கவிழ்ந்தார். நானும் போயிருந்தேன், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. துரை பூவைப் பார்த்தார், பூவையே பார்த்தார். கண்ணாடி எறும்பிடம் வந்து நின்றது. என்னவோ கேட்டார். மாமா இங்கிலீஷில் என்னவோ சொன்னார். துரையின் காது சிவந்து, தொப்பி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். என்ன சொன்னீங்க மாமா என்று கேட்டேன். "அது அந்தச் செடியிலேயே குடியிருக்கிற எறும்பு, அளக்க நிறுத்தி வைக்க முடியலைன்னேன்" என்றார். வண்டி நகரும்போது துரை ஜன்னல் வழியே கை நீட்டி மாமாவின் கையைக் குலுக்கினார். அங்கிருந்து வீடு வரை நான் தரையில் நடந்ததாக ஞாபகமில்லை. தெருமரங்களில் நேற்றைய புறாக்கள் எல்லாம் நனைந்த நூலாகத் தொங்கின, நான் அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசலிலிருந்தே கத்தினேன், மாமாவுக்கு வேலை கிடைச்சிட்டுது, மாமா சிங்கப்பூர் போறார் என்று. அம்மா அரிவாள்மனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தெரியும் என்றாள்.

தீபாவளிக்கு முன் மாமா போனார். ரிப்பன் வந்தது, பச்சை நிறத்தில். கடிதம் வந்தால் நான் படித்துக்காட்ட, அம்மா கேட்பாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சமையற்கட்டுக் கதவின் பின்பக்கச் சுவர் என் பங்கு. கதவைச் சாத்தியபோது அங்கே, என் தோள் உயரத்தில், அடுப்புக்கரியால் போட்ட கோடுகள் இருந்தன. எண்ணினேன், ஒன்பது. ஒன்பதாவது பாதியில் நின்றிருந்தது. முதல் கோட்டின் தலைக்குமேல் மட்டும் சாய்வாக மூன்று சொட்டு, மழை விழுவதுபோல. அழகாக, அளவாக, அத்தனை உயிரோடு இருந்தன அந்தச் சொட்டுகள். நவராத்திரிக்கு அம்மா நாள் குறித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நவராத்திரிக்கு எதற்கு மழை என்றோ, பெட்டி ஏன் சனிக்கிழமையே பட்டுத்துணிக்கு அடியில் போனது என்றோ கேட்கத் தோன்றவில்லை.

சுண்ணாம்பில் மட்டையைத் தோய்த்து ஓங்கி ஓங்கி இழுத்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"நல்லா அழிச்சியா?"

"சுத்தமா அழிச்சிட்டேம்மா" என்றேன், அவ்வளவு பெருமையாக.